முத்திரை யாரிடம் இருக்கிறது? – தாராவி வாசகிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள வாசகிக்கு,

தாராவி அறுபதடிச் சாலையிலிருந்து நீங்கள் எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. தமிழில் டப் செய்த சீனத் தொடர் ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டு கேள்விகள் கேட்டிருந்தீர்கள். ஒரு கல் முத்திரைக்காக அரண்மனை முழுவதும் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? நம் ராஜாக்களிடமும் அப்படி ஒன்று இருந்ததா? கடிதத்தின் ஓரத்தில், வேறு மையில், மூன்றாவதாக ஒரு வரி சேர்த்திருந்தீர்கள். தாராவி மறுசீரமைப்புச் சர்வேக்கு வருகிறவர்களிடம் காட்டுவதற்காக அம்மாவின் பழைய போட்டோ பாஸைத் தேடிக்கொண்டிருக்கிறீர்கள் என்று. அந்த வரியைப் போகிற போக்கில் எழுதியதாக நீங்கள் நினைக்கலாம். எனக்கு அதுதான் கடிதத்தின் மையம். அங்கே போய்ச் சேரச் சீனாவையும் தஞ்சாவூரையும் சுற்றி வர வேண்டியிருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சீனா. ஒன்றோடொன்று போரிட்டுக்கொண்டிருந்த நாடுகளையெல்லாம் கி.மு. 221-இல் ஒரே ஆட்சிக்குள் கொண்டுவந்தார் சின் ஷி ஹுவாங். முத்திரைக்கு ‘ஷி’ என்று ஒரு பெயர் உண்டு. அதுவரை யார் வேண்டுமானாலும் தன் முத்திரையை அப்படி அழைத்துக்கொள்ளலாம். அவர் காலத்திலிருந்து அந்தப் பெயர் அரசருக்கு மட்டும் என்றானது. ஜேட் கல்லும் அப்படித்தான். அதிகாரிகள் பொன்னிலோ வெள்ளியிலோ வெண்கலத்திலோ வைத்துக்கொள்ளலாம், ஜேட்டில் கூடாது. ஜேட்டை உளி வைத்துச் செதுக்க முடியாது. அவ்வளவு கடினமான கல். மணலைப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் கொண்டுவர வேண்டும். அப்படிச் செய்த முத்திரையில் எட்டு எழுத்துகள் இருந்ததாக மரபு சொல்கிறது. வானத்தின் ஆணையைப் பெற்றவர் இவர், நெடுங்காலம் வாழ்ந்து செழிக்கட்டும் என்பது அதன் பொருள். எழுதிக் கொடுத்தவர் அமைச்சர் லி ஸி என்பார்கள்.

அந்தக் கல்லுக்கே ஒரு முன்கதை உண்டு. பியான் ஹே என்ற ஒருவர் மலையில் கிடைத்த கரட்டுக் கல்லை ச்சூ நாட்டு அரசரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே ஜேட் இருக்கிறது என்றார். அரண்மனைக் கைவினைஞர் பார்த்துவிட்டு வெறும் கல் என்று சொல்ல, ஏமாற்றுக்காரன் என்று அவருடைய ஒரு காலை வெட்டினார்கள். அடுத்த அரசரிடம் போனார், இன்னொரு காலும் போயிற்று. மூன்றாவது அரசர்தான் கல்லைப் பிளந்து பார்க்கச் சொன்னார். உள்ளே குற்றமில்லாத ஜேட் இருந்தது. கால் போனதற்காக அழவில்லை, உண்மையானதைப் பொய் என்று சொன்னதற்காகத்தான் அழுதேன் என்று பியான் ஹே சொன்னதாகக் கதை. பேரரசின் முத்திரையைச் செய்தது அந்தக் கல்லில்தான் என்று பின்னாளில் நம்பினார்கள். கதைதான். ஆனாலும் அதிகாரத்தின் சின்னத்துக்கு அடியில், தன்னை நிரூபிக்கப் போய்க் காலை இழந்த ஓர் எளிய மனிதரை அந்த மக்கள் வைத்திருக்கிறார்களே, அதை நான் மதிக்கிறேன்.

தொடரில் சிவப்பு மையில் முத்திரை குத்துவதைப் பார்த்திருப்பீர்கள். அது பிற்காலத்து வழக்கம். சின், ஹான் காலங்களில் ஆணைகளை மூங்கில் பட்டைகளிலும் மரப் பலகைகளிலும் எழுதினார்கள். எழுதியதைச் சுருட்டிக் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் ஈரக் களிமண் வைத்து அதில் முத்திரையை அழுத்துவார்கள். உங்கள் பகுதித் தோல் பட்டறைகளில் பித்தளை அச்சை வைத்து அழுத்தி கம்பெனிப் பெயரைப் பதிப்பார்கள் இல்லையா, அதே மாதிரி. களிமண் காய்ந்துவிட்டால் அதை உடைக்காமல் கட்டைப் பிரிக்க முடியாது. ஹான் பேரரசரின் ஆணைகளுக்கென்று ஊதா நிறத்துத் தனிக் களிமண் இருந்தது. ஆக, முத்திரை வேலை செய்தது பூட்டாக. கடிதத்தை வழியில் யாரும் பிரிக்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி. காகிதமும் சிவப்புச் சாந்தும் வந்த பிறகு அது அடையாளக் குறியாக மாறியது.

ஒரே ஒரு முத்திரை, அது வானம் கொடுத்த உரிமைக்குச் சாட்சி என்று நம்பத் தொடங்கியதும் என்ன ஆகும்? அதைக் கைப்பற்றியவர் அரசர். கி.மு. 206-இல் சின் வம்சத்தின் கடைசி அரசர் கழுத்தில் கயிற்றைக் கட்டிக்கொண்டு வந்து முத்திரையை லியூ பாங்கிடம் ஒப்படைத்தார். ஹான் வம்சம் அப்படித் தொடங்கியது. கி.பி. 9-இல் வாங் மாங் ஆட்சியைப் பறித்தபோது முத்திரை அவருடைய அத்தை, அரசமாதா வாங் ஜெங்ஜுன் கையில் இருந்தது. முதலில் கொடுக்க மறுத்தார். வற்புறுத்தி ஆள் அனுப்பியதும் கோபத்தில் தரையில் வீசி எறிந்தார். ஒரு மூலை உடைந்தது. அதைப் பொன்னால் ஒட்டவைத்ததாகச் சொல்வார்கள். அதற்குப் பிறகு அந்தப் பொன் ஒட்டுதான் உண்மையான முத்திரைக்கு அடையாளம் என்று ஆனது. நீங்கள் பார்த்த தொடரில் ஒரு கிழவி முத்திரையை எறிகிற காட்சி வந்திருந்தால் அதற்கு வேர் இங்கேதான்.

ஹான் ஆட்சி சிதைந்தபோது, தீக்கிரையான லுவோயாங் நகரின் ஒரு கிணற்றில் சுன் ஜியான் என்ற படைத்தலைவர் அதைக் கண்டெடுத்ததாக ஒரு கதை. அவரிடமிருந்து போனதை வைத்து யுவான் ஷு கி.பி. 197-இல் தன்னைப் பேரரசர் என்று அறிவித்துக்கொண்டார். முத்திரை கையில் இருந்தது, ஆனால் ஊர் ஏற்கவில்லை. இரண்டே ஆண்டில் எல்லாம் இழந்து இறந்தார். இதற்கு நேர்மாறாக, கிழக்கு ஜின் அரசர்கள் தெற்கே ஓடிவந்து ஆண்டபோது முத்திரை அவர்களிடம் இல்லை. வடக்கே இருந்தவர்கள் அவர்களை வெற்றுப் பலகை அரசர்கள் என்று ஏசினார்கள். 10-ஆம் நூற்றாண்டில் பின் தாங் வம்சத்தின் கடைசி அரசர் தீயில் இறங்கி உயிரைவிட்டார். மூல முத்திரையின் தடம் அங்கே மறைகிறது. அதற்குப் பிறகும் யாரும் சும்மா இருக்கவில்லை. 11-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஒரு குடியானவர் வீட்டுக்குத் தோண்டும்போது கிடைத்தது என்று ஒரு ஜேட் முத்திரை சோங் அரசவைக்கு வந்தது. அறிஞர்கள் கூடி ஆராய்ந்து, அதுதான் என்று சொல்லி, ஆண்டுக் கணக்கின் பெயரையே மாற்றினார்கள். இந்தப் பைத்தியத்தை நிறுத்தியவர் சிங் வம்சத்துச் சியான்லோங் பேரரசர் என்று சொல்லலாம். 1746-இல் அரச முத்திரைகளை 25 என்று வரையறுத்துப் பெய்ஜிங் அரண்மனையின் ஒரு மண்டபத்தில் வைத்தார். பழைய முத்திரை என்று சொல்லி வந்த ஒன்றை அந்த வரிசையில் சேர்க்க மறுத்துவிட்டார்.

ஹான் காலத்து நிஜமான ஜேட் முத்திரை ஒன்று நம் காலத்தில் கிடைத்திருக்கிறது. 1968-இல் ஷான்ஷி மாகாணத்தில் பள்ளிக்கூடம் விட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு பையன் வாய்க்கால் ஓரத்தில் கண்டெடுத்தான். அரசியின் முத்திரை என்று நான்கு எழுத்து. பக்கத்துக்கு மூன்று சென்டிமீட்டர்கூட இல்லை. உள்ளங்கைக்குள் மறைந்துவிடும். அதுபோல ஹான் பேரரசர் கி.பி. 57-இல் ஜப்பானில் இருந்து வந்த தூதருக்குக் கொடுத்ததாகக் கருதப்படும் பொன் முத்திரை 1784-இல் ஃபுகுவோகா அருகே ஒரு தீவின் வயலில் கிடைத்தது. அதுவும் 2.3 சென்டிமீட்டர்தான். ஆக, சீன முத்திரை சொன்னது ஒன்றைத்தான்: இதை வைத்திருப்பவர் யார் என்பதை. பதவி போனால் முத்திரையும் போகும்.

இனி நம் ஊர். சோழர் முத்திரையைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் அங்கே இருக்கின்றன. 1905-இல் வெளியுலகுக்குத் தெரியவந்தவை. 31 ஏடுகள், ஒரு வளையம், அதில் ஒரு வட்ட முத்திரை. முதலாம் ராஜேந்திரன் பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டுச் சிவன் கோயிலுக்குக் கொடுத்ததைச் சொல்பவை. முத்திரையில் உட்கார்ந்திருக்கும் புலி, பக்கத்தில் இரண்டு மீன், ஒரு வில், இருபுறமும் விளக்கு, மேலே குடையும் சாமரமும். புலி சோழருடையது. மீன் பாண்டியருடையது, வில் சேரருடையது. அடுத்தவர் சின்னங்களைத் தன் முத்திரைக்குள் வைத்துக்கொள்வது வெற்றியை அறிவிக்கும் வழி. விளிம்பைச் சுற்றிக் கிரந்த எழுத்தில் சமஸ்கிருத வாசகம்.

அழகைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். வளையத்தைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஏட்டிலும் ஒரு துளை. வளையம் எல்லாத் துளைகளிலும் நுழைந்து வெளியே வருகிறது. அதன் இரண்டு முனைகளையும் முத்திரைக்கு அடியில் வைத்துப் பற்றவைத்துவிடுவார்கள். வளையத்தை அறுக்காமல் ஒரு ஏட்டை உருவவும் முடியாது, புதிதாக ஒன்றைச் செருகவும் முடியாது. சீனத்துக் களிமண் செய்த அதே வேலையை இங்கே உலோகம் செய்தது. ஒரு வேறுபாடு உண்டு. களிமண் உடைவதற்காக வைத்தது. கடிதம் போய்ச் சேர்ந்ததும் அதன் வேலை முடிந்தது. சோழ முத்திரை உடையாமல் இருப்பதற்காக வைத்தது. இன்னொன்றும் கவனியுங்கள், இதுதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு என் பதில். இந்த முத்திரை அரசரிடம் திரும்பவே இல்லை. ஏடுகளோடு சேர்ந்து, யாருக்குக் கொடை கிடைத்ததோ அவர்களிடம் போய்விட்டது. தஞ்சாவூர் அரண்மனையில் எந்த முத்திரை இருந்தது, யார் பறித்தார்கள் என்று நமக்குக் கதைகள் இல்லை. நம்மிடம் இருப்பதெல்லாம் ஊர்களுக்கும் கோயில்களுக்கும் விகாரங்களுக்கும் போன முத்திரைகள்.

ஒரு கொடை எப்படி நடந்தது என்பதை லைடன் செப்பேடுகள் என்று பெயர்பெற்ற பெரிய ஏடுகள் படிப்படியாகச் சொல்கின்றன. மொத்தம் 21 ஏடுகள், 5 சமஸ்கிருதம், 16 தமிழ். எடை ஏறக்குறைய 30 கிலோ. டச்சுக்காரர்கள் வழியாக ஐரோப்பா போய் 1862-இல் லைடன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை. ராஜராஜனின் 21-ஆம் ஆட்சியாண்டில், தஞ்சாவூர்ப் புறம்படி மாளிகையின் தெற்கு மண்டபத்தில் அரசர் இருந்தபோது ஓர் ஆணை பிறக்கிறது. கடல் கடந்த கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எடுப்பிக்கிற சூடாமணி என்ற பௌத்த விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயைக் கொடுக்க வேண்டும் என்று. நிலம் 97 வேலி, வருவாய் 8,943 கலம் நெல்லுக்குச் சற்று மேல். அரசர் வாயால் சொன்னதை ஓலை எழுதுகிறவர் எழுதுகிறார். ஓலை நாயகங்கள் ஒப்பு நோக்குகிறார்கள். வரிக் கணக்கில் ஏற்றுகிறார்கள். பிறகு அந்த ஓலை ஊருக்குப் போகிறது. நாட்டார் எதிரே எழுந்து வந்து, தொழுது, வாங்கித் தலையில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு பெண் யானையை எல்லை முழுவதும் நடக்கவிட்டு, கல்லும் கள்ளியும் நட்டு எல்லை காட்டுகிறார்கள். சுற்று ஊர்களின் சார்பில் வந்தவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ராஜராஜன் மறைந்த பிறகு ராஜேந்திரன் அதையெல்லாம் செப்பில் வெட்டச் சொல்லித் தன் முத்திரையை வைத்தான். எழுத்து வெட்டிய காஞ்சிபுரத்துக் கைவினைஞர்கள் தங்கள் பெயரையும் கடைசியில் வெட்டிக்கொண்டார்கள். யானை நடக்கிறபோது ஊர் கூடிப் பார்த்திருக்கும் அல்லவா? எனக்கு அந்த இடம் மிகவும் பிடிக்கும். முத்திரை மட்டும் போதாது, எல்லை எது என்று பார்த்த கண்களும் வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

இந்த விகாரத்தைத் தொடங்கிய கடாரத்து அரசர் சூளாமணிவர்மர் வேறொரு பேரரசரிடமும் போயிருக்கிறார். 1003-இல் அவருடைய தூதர்கள் சீனத்துக்குப் போய், எங்கள் நாட்டில் பேரரசரின் நீண்ட ஆயுளுக்காக ஒரு பௌத்தக் கோயில் கட்டியிருக்கிறோம், அதற்குப் பெயரும் மணிகளும் தாருங்கள் என்று கேட்டார்கள். சோங் பேரரசர் ஒரு பெயரைச் சூட்டி, மணிகளை வார்த்துக் கொடுத்தார். மூன்றே ஆண்டில் அதே அரசருக்காக ராஜராஜன் ஓர் ஊரைக் கொடுத்தான். கடல் வழியில் பிழைத்த ஓர் அரசர் இரண்டு பக்கத்து வல்லரசையும் மரியாதையோடு வைத்துக்கொண்டார். ஒருவரிடமிருந்து பெயர் வந்தது, இன்னொருவரிடமிருந்து நெல் வந்தது. 1015-இல் ராஜராஜன் அனுப்பிய தூதர்களும் முத்துகளோடு சீன அரசவையைப் போய்ச் சேர்ந்தார்கள்.

மும்பையில் இருந்துகொண்டு முத்திரையைப் பற்றிப் பேசும்போது சத்ரபதி சிவாஜியின் ராஜமுத்திரையைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆட்டோவின் பின்புறம், பைக்கின் டேங்க், கடை ஷட்டர் எங்கும் அந்த எண்கோணத்தைப் பார்க்கிறீர்கள். 2022 செப்டம்பர் 2-இல் நம் கடற்படைக் கொடி மாறியபோது அதிலும் அதே எண்கோணம் வந்தது. முதல் பிறை போல வளர்வது, ஷாஜியின் மகன் சிவாஜியின் முத்திரை, நன்மைக்காக ஒளிர்வது என்ற பொருளில் சமஸ்கிருத வாசகம். அவருடைய தந்தை பாரசீக மொழியில் முத்திரை வைத்திருந்த காலம் அது. எனக்கு அதைவிட அவருடைய இரண்டாவது முத்திரை முக்கியம். கடிதத்தின் தலையில் பெரிய முத்திரை, கடைசி வரிக்குக் கீழே ஒரு சிறிய முத்திரை. எல்லை இதோடு முடிகிறது என்ற பொருளுடையது. அதற்குக் கீழே யாரும் ஒரு வரி சேர்க்க முடியாது. சோழரின் வளையம் செய்ததைக் காகிதத்தில் இப்படிச் செய்தார்கள்.

முகலாயரிடம் முத்திரை அந்தப்புரத்தில் இருந்தது. ஷாஜகான் அதை மும்தாஜிடம் கொடுத்து வைத்திருந்தார். 1631-இல் மும்தாஜ் இறந்ததும் அது மகள் ஜஹானாராவிடம் போனது. ஆணை எழுதி முடித்துக் கடைசியாக உள்ளே போய் அந்த முத்திரையை வாங்கிக்கொண்டுதான் வெளியே வரும். வீட்டின் முக்கியமான தாள்களை அம்மாக்களிடம் கொடுத்து வைக்கிற வழக்கம் அரண்மனையிலும் இருந்திருக்கிறது.

இப்போது உங்கள் மூன்றாவது வரிக்கு வருகிறேன். அதற்கு வேள்விக்குடிச் செப்பேடுகள்தான் சரியான வாசல். 8-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி, மதுரையில் பாண்டியன் நெடுஞ்சடையன் ஆட்சி. அரசர் வீதியில் போகும்போது ஒருவர் முறையிடுகிறார். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி எங்கள் முன்னோருக்குக் கொடுத்த வேள்விக்குடி என்ற ஊரைக் களப்பிரர் காலத்தில் பறித்துவிட்டார்கள், திருப்பித் தாருங்கள் என்று. பல நூறு ஆண்டுகளுக்கு முந்தைய உரிமை! அரசர் சிரித்துக்கொண்டே, நாட்டார் முன்னால் பழமையைக் காட்டிப் பெற்றுக்கொள் என்கிறார். அந்த மனிதர் அங்கேயே நிரூபிக்கிறார், அரசர் ஊரைத் திரும்பக் கொடுக்கிறார். நிரூபி என்ற சொல் நம் மண்ணில் அவ்வளவு பழையது. கேட்டவருக்குக் கொடுப்பதற்கு முன்னால் அவருக்கு ஒரு வாய்ப்பைத் தந்தார்கள் என்பதும் பழையது.

ஆனால் இதை மட்டும் சொல்லிவிட்டு நான் நகர்ந்தால் உங்களுக்குத் துரோகம் செய்தவனாவேன். செப்பேடுகளில் இன்னொரு சொல்லும் வரும்: குடி நீக்கி. முன்பு அந்த நிலத்தை அனுபவித்தவர்களை விலக்கிவிட்டு இவர்களுக்குக் கொடுத்தோம் என்று அர்த்தம். ஒருவருக்குப் பெயரெழுதிய அதே புலிமுத்திரை இன்னொருவரின் பெயரை அழித்திருக்கிறது. நிலத்தில் இறங்கி உழுதவர்கள் பெயர் அநேகமாக எந்த ஏட்டிலும் இல்லை. ராஜராஜனின் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ஒவ்வொரு ஊரிலும் வரியில்லாத இடங்களைக் கணக்கெடுக்கும்போது குளம், சுடுகாடு, வாய்க்கால் என்ற வரிசையில் பறைச்சேரியும் கம்மாணச்சேரியும் வருகின்றன. சேரி இருக்கிறது, அதில் குடியிருந்த ஒரு மனிதரின் பெயர் இல்லை. சோழர் பெருமையைப் பேசும் மேடைகளில், மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நானும் கேட்டிருக்கிறேன், இந்த இடத்தை வேகமாகத் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டக் கூடாது என்பது என் எண்ணம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்காகத் தாராவிக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தச் சேரிகளின் பிள்ளைகள். நிலமோ ஏடோ கொண்டுவரவில்லை.

அவர்களில் பலருக்கு அரசாங்கத்தின் முத்திரையோடு சொந்தப் பெயர் வந்த முதல் தாள் எது? ரேஷன் கார்டு. அதற்குப் பிறகு போட்டோ பாஸ். 1976-இல் பம்பாயின் குடிசைப் பகுதிகளைக் கணக்கெடுத்துக் கணக்கில் வந்த குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். குடும்பத்தலைவரின் படம், குடிசையின் எண், முத்திரை. நிலம் உங்களுடையது என்று அது சொல்லவில்லை. நீங்கள் இங்கே இருந்தீர்கள் என்று சொன்னது. அவ்வளவுதான். அந்த அவ்வளவுதான் எவ்வளவு பெரியது என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் 1995 ஜனவரி 1, பிறகு 2000 ஜனவரி 1 என்று எல்லைத் தேதிகள் வந்தன. இப்போது தாராவி மறுசீரமைப்பில் தரைத்தளத்தில் 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருந்ததைக் காட்டுகிறவர்களுக்கு அங்கேயே 350 சதுர அடி வீடு இலவசம். பின்னால் வந்தவர்களுக்கு வேறு விதி, வேறு இடம். நீங்கள் அம்மாவின் தாளைத் தேடுவதன் அர்த்தம் எனக்குப் புரிகிறது. ஆனைமங்கலத்துக்கு யானை நடந்தது. தாராவிக்கு ஒரு தேதி நடந்து போயிருக்கிறது. கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைச் சொல்லும் சாட்சி உங்களிடம்தான் இருக்க வேண்டும் என்கிறார்கள்.

செப்பில் வெட்டியதற்குக் காரணம் இருந்தது. ஓலையைக் கரையான் தின்னும், நெருப்பு தின்னும். செம்பைப் புதைத்து வைத்தாலும் ஆயிரம் ஆண்டு கிடக்கும். தாராவியில் தாள்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூசில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்து, மித்தி ஆறு நிரம்பி, வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. அந்த வெள்ளத்தில் டிரங்குப் பெட்டியோடு தாள்களை இழந்தவர்கள் எத்தனையோ பேர். நகலாவது எடுத்து வைத்திருந்தவர்கள் தப்பித்தார்கள். ஆண்டது யாராக இருந்தாலும் முத்திரை வைக்கிறவர் தன் கணக்குப் புத்தகத்தில் ஒரு பிரதியைக் காப்பாற்ற வேண்டியது அவர் கடமை. சோழர் காலத்தில் அதற்கென்று திணைக்களமே இருந்தது. அறுபது ஆண்டு ஒரு நகரத்துக்குத் தோலும் மண்பாண்டமும் இட்லியும் செய்து கொடுத்த மக்களிடம், நீங்கள் இருந்ததற்கு நீங்களே சாட்சி கொண்டுவாருங்கள் என்று மட்டும் கேட்பது போதாது. அரசிடம் இருக்கும் பழைய பதிவேட்டையும் திறந்து பார்க்க வேண்டும். இதை நான் கோரிக்கையாகவே எழுதுகிறேன்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது சில உண்டு. தேடிக் கிடைக்கும் ஒவ்வொரு தாளையும் ஒரு நோட்டில் குறியுங்கள். என்ன தாள், எந்த ஆண்டு, எந்த அலுவலகம், பெயர் எப்படி எழுதியிருக்கிறது, வீட்டு எண் என்ன. நம் பெயர்களை மராத்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது தாளுக்குத் தாள் எழுத்து மாறும். அப்பா பெயர் ஒன்றில் முன்னால், இன்னொன்றில் பின்னால் இருக்கும். அதை இப்போதே கண்டுபிடித்து, இருவரும் ஒரே ஆள்தான் என்று முத்திரைத்தாளில் உறுதிமொழி எடுத்து வைத்தால் பிறகு ஓட வேண்டாம். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகலைக் கொடுங்கள், மூலத்தைக் காட்டிவிட்டுத் திரும்ப வாங்குங்கள். கொடுக்கும் மனு எதுவானாலும் இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் அலுவலக முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதைச் சேர்த்து வையுங்கள். போட்டோ பாஸ் கிடைக்கவே இல்லை என்றால், பழைய வாக்காளர் பட்டியலில் அம்மா, அப்பா பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடச் சேர்க்கைப் பதிவேட்டில் உங்கள் பிள்ளைப் பருவத்து முகவரி இருக்கும். மின்சாரக் கட்டண ரசீதும் அவ்வளவு பழசாக இருந்தால் உதவும். பக்கத்து வீட்டில் பழைய ஆட்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களோடும் உட்கார்ந்து அவர்களுடைய தாள்களையும் ஒழுங்குபடுத்திக் கொடுங்கள். படித்த பெண் நீங்கள், அந்தத் தெருவில் உங்களால் முடியும்.

கடைசியாக ஒரு விஷயம். மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகும்போது சென்னை வழியாகப் போவதாக இருந்தால் எழும்பூர் நிலையத்திலிருந்து அருங்காட்சியகம் தூரமில்லை. திருவாலங்காட்டு ஏடுகளைப் பார்க்க வேண்டும் என்று அங்கே கேளுங்கள். வெள்ளிக்கிழமையும் தேசிய விடுமுறை நாள்களிலும் மூடியிருக்கும்.

அன்புடன்,
செம்பூரிலிருந்து